உன் பேர்லயே போட்டுடு தம்பி

அவர் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. அதற்குப் பயமும் காரணமில்லை, மரியாதையும் காரணமில்லை. மூன்று வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் அவர் தன் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி நான் பார்த்ததில்லை. அவரே செய்யாத வேலையை அவருக்காக நான் எதற்குச் செய்ய வேண்டும்?

நாங்கள் அவரை ‘சார்’ என்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உரம், விதை, பூச்சிமருந்து மொத்தமாக விற்கும் ஒரு கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். வெள்ளைச் சட்டை, அதன் பையில் எப்போதும் இரண்டு பேனா. இரண்டுக்கும் பொன்னிற மூடி. அவை எழுதுவதற்கல்ல, நீட்டுவதற்கு. ஒரு காகிதத்தை நம் முன்னால் வைப்பார். ‘டொப்’ என்று பேனா மூடியைக் கழற்றுவார். கத்தியைக் கொடுப்பவர்கள் பிடியை எதிராளி பக்கம் திருப்பிக் கொடுப்பார்களே, அப்படி முனையைத் தன் பக்கம் வைத்துப் பேனாவை நீட்டுவார்.

“ஒம் பேர்லயே போட்டுடு தம்பி. பேரு என்னா, தேஞ்சா போயிடும்?”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அடக்கம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மொய்க்கவரில் ‘அலுவலக நண்பர்கள்’ என்று என்னை எழுதச் சொல்வார். ஆயுத பூஜைக்கு அடித்த அழைப்பிதழில் வாட்ச்மேன் பெயர் வரைக்கும் இருந்தது, அவர் பெயர் இல்லை. ஒருமுறை சிதம்பரம் கிளைக்குப் போன வழியில் கீழத்தெரு மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய பூசாரி “யார் பேருக்கு?” என்று கேட்டார். “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்றார் சார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தனக்கென்று ஒன்றும் கேட்காத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கலா அக்காவிடம் அதைச் சொன்னேன். கலா அக்கா எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர். “ஆமாம்ப்பா, சாருக்குப் பேரு புகழ்ல ஆசையே கெடையாது. மகான்” என்றார்.

டீ கொண்டுவந்த வாட்ச்மேன் பாவாடை அண்ணன் டம்ளரை மேஜையில் இடித்து வைத்தார்.

“மகானா? எம் பேர்ல வாங்குன சிலிண்டரு இங்க எரியுது. எங்கூட்ல வெறவு எரியுது. மகானாம்!”

அப்போதுதான் விசாரித்தேன். அலுவலகச் சமையலறையின் கேஸ் இணைப்பு பாவாடை அண்ணன் பெயரில் இருந்தது. ஊருக்கெல்லாம் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்த அலுவலக செல்போன் எண், கலா அக்காவின் ஆதாரில் வாங்கிய சிம். இன்டர்நெட் இணைப்பு ரவி என்பவரின் பெயரில். இந்த ரவி வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. இணைப்பில் ஏதாவது கோளாறு என்று புகார் கொடுத்தால் ஓடிபி அவர் செல்லுக்குத்தான் போகும். பனியன் கம்பெனி இரைச்சலுக்கு நடுவே அவர் கத்துவார்: “நாலு, ஒம்போது, சைபரு... யோவ், நான் செத்துட்டா என்னாய்யா பண்ணுவீங்க?”

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. என் பெயர் அதுவரை எதிலும் இல்லை.

என் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோ. அய்யனார். எங்கள் ஊர் புவனகிரிக்குப் பக்கம். அப்பா கோதண்டம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். கைநாட்டுதான். கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். கூலி வாங்கும் நாளில் அவர் நெற்றியோரம் நீலமாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் நான். அண்ணாமலை நகரில் எம்.சி.ஏ. முடித்துச் சான்றிதழ் வாங்கி வந்த அன்று, அப்பா அதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அதனால் என் பெயர் ஒரு காகிதத்தில் ஏறுகிறது என்றால் எனக்கு ஒரு கூச்சமும் ஒரு கர்வமும் சேர்ந்தே வரும். சார் இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். யாரிடம் எதை எழுதி வாங்கலாம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர்.

எங்கள் முதலாளியம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது கம்பெனி பேரில் நாற்பது கம்பெனிகளின் பங்குகளை வாங்கிப் போட்டிருந்தார். மற்ற பெண்களுக்குச் சீரியல்போல அம்மாவுக்குத் தினமும் மூன்றரை மணிக்குச் சந்தை முடிந்ததும் நாற்பது விலையும் கைக்கு வந்தாக வேண்டும். கலா அக்கா ஒவ்வொன்றாக இணையத்தில் தேடித் தட்டச்சு செய்து கொடுப்பார். ஒருநாள் நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பின்னால் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. அம்மா அலுவலகம் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார். மறுநாள் உண்மை தெரிந்தபோது அல்வா எங்கள் வயிற்றில் இருந்தது. கலா அக்கா மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

“இதுக்கு ஒரு ப்ரோகிராம் போட முடியாதா? அய்யனாரு எதுக்கு இருக்கான்?” என்று கேட்டார் அம்மா.

முடியும். விலைகளைத் திரட்டித் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுடைய கம்ப்யூட்டரிடம் நம்முடைய ப்ரோகிராம் நேரடியாகக் கேட்கும். அது பதில் சொல்லும். ஏபிஐ என்பது இவ்வளவுதான், இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஜன்னல். கேட்பது யார் என்று தெரிவதற்காக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான சாவியைக் கொடுப்பார்கள். அந்தச் சாவி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. மும்பையில் அப்படி ஒரு கம்பெனியைப் பிடித்தேன். அதில் இரண்டு வகைத் திட்டம். ஒன்று தனிநபருக்கு: வாங்கியவர் மட்டும் பார்க்கலாம். இன்னொன்று நிறுவனத்துக்கு: நிறுவனத்தின் உள்ளே மட்டும் பயன்படுத்தலாம், வெளியாருக்குக் காட்டக் கூடாது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாரைக் கூப்பிட்டேன்.

“என்னா தம்பி கேக்குறான்?”

“கம்பெனி பான் நம்பர், பொறுப்பாளர் பேரு, கையெழுத்து சார். நீங்கதான மேனேஜர், ஒங்க பேரப் போட்டுடவா?”

நெருப்பைத் தொட்டவர் மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“கம்பெனி பேர்ல போட்டா ஜிஎஸ்டி கேப்பான், லெட்டர்பேட் கேப்பான், அம்மா கையெழுத்து கேப்பான். அம்மா கண்ணு ஆப்ரேசனுக்குப் பாண்டிச்சேரி போயிருக்காங்க. அந்த இன்னொரு வகை இருக்குல்ல, அதுல ஒம் பேர்லயே போட்டுடு.”

“அது வாங்குனவன் மட்டும் பாக்குறதுக்கு சார்.”

“நீதான பாக்குற? ப்ரோகிராமை ஓட்டுறவன் நீ. பாத்துட்டு எங்களுக்குச் சொல்ற. அவ்ளோதான். படிச்ச புள்ள, இதுக்குப் போயி பயந்தா எப்டி?”

கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடப் பேனா வேண்டாம், மவுஸ் போதும். ஆனாலும் டொப் என்று மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். நான் அதை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் மவுஸை நகர்த்தி என் பெயரைக் கிறுக்கினேன். விதிமுறையில் இருப்பது தெரிந்தே போட்டேன். இதை மறைக்கக் கூடாது. அன்று “முடியாது சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ப்ரோகிராம் நன்றாக ஓடியது. நாற்பது விலையும் நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் மாறும். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. கீழே சின்ன எழுத்தில் ‘உருவாக்கம்: கோ. அய்யனார்’ என்று போட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து வந்த அம்மா கறுப்புக் கண்ணாடியோடு அதைப் பார்த்துவிட்டு, “பச்சை நெறம் நல்லாத் தெரியுதுடா” என்றார்.

ஒரு மாதம் கழித்து சார் என்னைச் சிதம்பரம் கிளைக்கு அனுப்பினார். “அங்க இருக்குறவனும் நம்ம ஆளுதான? அவனுக்கும் ஒரு லேப்டாப்ல ஏத்திக் குடுத்துட்டு வா.” எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். அவர் உத்தரவு எல்லாமே வாயால்தான். மெசேஜ் அனுப்பினால் பதில் போட மாட்டார், போன் பண்ணுவார். நான் போய் ஏற்றிக் கொடுத்தேன். சாவியைப் பூட்டி வைக்காமல் ஒரு சாதாரணக் கோப்பில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது தப்பு இது. இதுவும் என்னுடையதுதான்.

சில வாரங்களில் எங்கள் திரை திக்க ஆரம்பித்தது. விலை மாறாமல் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்று எங்கள் திட்டத்தில் ஒரு அளவு உண்டு. எங்கள் ப்ரோகிராம் கேட்பதோ நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு எப்படி அளவு தாண்டுகிறது? கணக்கின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்துக்கும் கிளைக்கும் விடுமுறை விட்ட ஒரு வெள்ளிக்கிழமையில்கூட யாரோ என் சாவியால் ஆயிரக்கணக்கான தடவை விலை கேட்டிருந்தார்கள். இடம்: சிதம்பரம்.

சாரிடம் சொன்னேன். “நெட்டு கோளாறா இருக்கும், ரவிக்குப் போனப் போடு” என்றார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். கிளையில் இருந்த பையனை மிரட்டிக் கேட்டதும், ப்ரோகிராமைச் சாவியோடு பிரதி எடுத்துக் கொடுத்த இடத்தைக் கை காட்டினான். அண்ணாமலை நகர் போகும் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், ‘பங்குச்சந்தைப் பயிற்சி மையம்’ என்று போர்டு. சாருடைய மனைவியின் தம்பி நடத்துகிறார். ஏறிப் போனேன். ஓய்வுபெற்றவர்கள், ஹாஸ்டல் மாணவர்கள் என்று இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. அதில் என் பச்சை, என் சிவப்பு. கீழே சின்ன எழுத்தில், ‘உருவாக்கம்: கோ. அய்யனார்’.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் என் பெயரை நான் அதுவரை பார்த்ததில்லை.

முன் வரிசையில் மடித்துக் கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கத்தினார்: “யோவ், அஞ்சு நிமிசமா வெல மாறவே இல்ல. யார்யா இந்த அய்யனாரு? அவனுக்குப் போனப் போட்டு நாலு கேள்வி கேளு!”

“சொல்லிட்டேன் பெரியப்பா, பையன் பாத்துக்கிட்டுதான் இருக்கான்” என்றார் மைத்துனர். பிறகு என்னைப் பார்த்து, “வாங்க சார், சேர்றீங்களா? மாசத்துக்கு ஆயிரம். வெல உடனுக்குடன் வரும். நம்ம மச்சான் கம்பெனிலேருந்து நேரா வருது” என்றார்.

நான் இறங்கி வந்து தெருவில் நின்று சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

“அவன் யாரு, அசலா? வூட்டு ஆளு தம்பி. உள்ளுக்குள்ளதான இருக்கு? இதப் போயி பெருசு பண்ணாத.”

“என் பேர்ல இருக்கு சார்.”

“ஆமா. ஒம் பேர்லதான இருக்கு? அப்பறம் என்னா, நீயே பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

அன்று சாவியை மாற்றினேன். ஆனால் தாமதமாகிவிட்டது. மூன்றாம் நாள் மும்பையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தனிநபருக்குக் கொடுத்த சாவி மூன்று இடங்களில் பயன்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. மைத்துனர் விளம்பரத்துக்காகப் போட்ட வீடியோவின் இணைப்பும் அதிலேயே இருந்தது. அந்த வீடியோவில் என் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். யார் அனுமதி கொடுத்தது, அவர் பெயர், பதவி, கையெழுத்து. இல்லையென்றால் கோ. அய்யனார் மேல் வழக்கு.

அதே வாரத்தில்தான் சென்னையில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் பெயரில் வழக்கோ சட்ட அறிவிப்போ உள்ளதா? இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் என் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சொன்னவரு யாரா வேணா இருக்கட்டும்டா. போலீசு வந்தா எந்தப் பேரச் சொல்லி கதவத் தட்டும்?”

மறுநாள் முதலாளியம்மாவின் அறையில் நின்றேன். சாரும் இருந்தார். நான் சொல்லி முடித்ததும் அம்மா அவரைப் பார்த்தார்.

“தம்பி ஆர்வக்கோளாறுல அவரா எடுத்துக்கிட்டாரு மேடம். அவரு பேர்லதான் இருக்கு. நான் எங்கயும் ஒண்ணும் எழுதிக் குடுக்கல” என்றார் சார். குரலில் பாசம் வழிந்தது. “சின்னப் புள்ள. மன்னிச்சு உட்டுடலாம்.”

“நீ சொன்னதுக்கு அத்தாட்சி இருக்காடா?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

இல்லை. மெசேஜ் இல்லை, கடிதம் இல்லை, ஒரு சீட்டுகூட இல்லை. 

கதவு திறந்தது. கூப்பிடாமலே பாவாடை அண்ணன் உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து நீல நிற கேஸ் புத்தகத்தை எடுத்து அம்மாவின் மேஜையில் வைத்தார். “இது எம் பேர்ல இருக்கும்மா. நானா ஆர்வக்கோளாறுல எடுத்துக்கிட்டதுன்னு வெச்சுக்குங்க.”

அவருக்குப் பின்னாலேயே கலா அக்கா. அலுவலக செல்போனைப் புத்தகத்தின் மேல் வைத்தார்.  “இது எம் பேரு மேடம்.”

பிறகு அவரே தன் செல்லில் ரவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே ரவி, “ஓடிபியா? இரு பாக்கறேன்” என்றார்.

“ரவி, நான் அம்மா பேசறேன். இன்டர்நெட்டு எதுக்கு ஒம் பேர்ல இருக்கு?”

மெஷின் சத்தம் நின்றது. “சார் போடச் சொன்னாரு மேடம். நான் வேலைய உட்டு ஆறு வருசமாச்சு. தாலி கட்டுற நேரத்துல போனப் போட்டு ஓடிபி கேட்டாங்க மேடம். ஐயரு மந்திரம் சொல்றாரு, நான் நம்பர் சொல்றேன். எம் பொண்டாட்டி இன்னி வரைக்கும் சொல்லிக்காட்டுறா.”

பாவாடை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. லெட்டர்பேடை எடுத்து என் பக்கம் தள்ளினார். “நடந்தத அப்டியே எழுதுடா. கம்பெனிக்காகத்தான் எடுத்தது, மேனேஜர் சொல்லித்தான் செஞ்சதுன்னு எழுது.”

எழுதினேன். விதி தெரிந்தும் என் பெயரில் எடுத்தது என் தவறு என்றும், சாவியைப் பாதுகாக்காதது என் தவறு என்றும் சேர்த்தே எழுதினேன். அம்மா படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். காகிதத்தைச் சாரிடம் திருப்பினார்.

“அனுமதி குடுத்தவரு கையெழுத்து வேணுமாம். போடுங்க.”

சார் காகிதத்தைப் பார்த்தார். கை தானாகப் பைக்குப் போனது. டொப் என்று மூடி கழன்றது. பழக்கதோஷத்தில் பேனாவைப் பின்பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டிவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீட்டிய பேனா நடுவில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதைத் தன் பக்கம் திருப்பினார். காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோனார். அவர் விரல்களைப் பார்த்தேன். பேனா பிடிக்கத் தெரியாதவர் விரல்கள் மாதிரி இருந்தன. என் அப்பாவுக்கு ஒருமுறை கையெழுத்துப் போடப் பழக்கிக் கொடுக்க முயன்றேன். அவர் விரல்கள் அப்படித்தான் இருந்தன. ஆனால் அப்பாவின் விரலில் நேர்மை இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னது.

“கண்ணாடி வூட்ல இருக்கு மேடம். நாளைக்குக் காலைல போட்டுடறேன்.”

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனை எடுக்கவில்லை. பத்தொன்பது வருட வேலையை ஒரு கையெழுத்துக்காக அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை நீக்கலாம் என்று அம்மா கோப்பைத் தேடினால், அவரைச் சேர்த்த உத்தரவே இல்லை. “இல்லாத ஆள எப்டிடா நிறுத்துறது?” என்றார் அம்மா. வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது வருடமும் முதல் வரி காலியாகவே இருந்தது.

பிறகு பாவாடை அண்ணன் ஒரு கதை சொன்னார். சார் இளவயதில் திட்டக்குடியில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தாராம். முதலாளி சொன்னார் என்று இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாராம். அதிகாரிகள் வந்து பார்த்தபோது அத்தனை மூட்டைகள் இல்லையாம். முதலாளி கையை விரித்துவிட்டார். சார் மூன்று நாள் ஸ்டேஷனில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாராம். “அன்னிலேருந்துதான் இப்டி” என்றார் பாவாடை அண்ணன்.

உண்மையாக இருக்கலாம். கேட்டபோது எனக்கு இரக்கம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுப்பில் கை சுட்டுக்கொண்டவன் அடுத்தவனை எச்சரிப்பான், அல்லது அடுப்புப் பக்கமே போகாமல் இருப்பான். அடுத்தவன் கையைப் பிடித்து அதே அடுப்பில் வைத்துச் சட்டியை இறக்கச் சொல்வானா?

அவர் கையெழுத்து இல்லாமலே கடிதத்தை அனுப்பினோம். மும்பைக் கம்பெனி வழக்குப் போடவில்லை. என் கணக்கை மூடிவிட்டது. ‘விதிமீறலால் மூடப்பட்டது’ என்று என் பெயருக்கு எதிரே குறித்துவைத்தது. சென்னைப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி முழுப் பக்கம் விளக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். மூன்றாம் முறை அந்தப் பெண், “வேற ஆள் எடுத்துட்டோம் சார்” என்றாள். எங்கள் அலுவலகத் திரையில் இப்போதும் விலை ஓடுகிறது. கம்பெனி பெயரில், நிறுவனத் திட்டத்தில், அம்மாவின் கையெழுத்தில். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

போன ஆடியில் என் அம்மாவை அழைத்துக்கொண்டு கீழத்தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை. இளைத்திருந்தார். பையில் இரண்டு பேனா. கையில் அர்ச்சனைத் தட்டு. பூசாரி தட்டை வாங்கி, “யார் பேருக்கு?” என்றார்.

சார் வாயைத் திறக்கும்போது பக்கவாட்டில் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. நடித்ததாகத் தெரியவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“தம்பி பேருக்கே பண்ணிடுங்க. அய்யனாருன்னு சொல்லுங்க. தங்கமான புள்ள. தம்பி, என்னா நட்சத்திரம்?”

அம்மாவுக்கு அவர் யார் என்று தெரியாது. பூரித்துப்போய், “ரோகிணிங்க” என்றாள்.

பூசாரி மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

“நிறுத்துங்க ஐயா” என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. “தட்டு இவருது. எம் பேர்ல வேணாம். இவரு பேருக்குப் பண்ணுங்க.”

பூசாரி சலித்துக்கொண்டு சாரைப் பார்த்தார். “சரி, ஒங்க பேரு?”

சார் சட்டைப்பைப் பேனாவைத் தடவினார். பின்னாலிருந்து ஒரு கிழவி, “பேரச் சொல்லுய்யா, எங்களுக்குக் கடேசி பஸ்சு போயிடும்” என்றாள். யாரோ சிரித்தார்கள். பூசாரி தட்டைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒரு பெயருக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை. சார் என்னைப் பார்த்தார். “நீயே சொல்லிடு தம்பி” என்பதுபோல் ஒரு பார்வை. எனக்கு அவர் பெயர் தெரியும், இனிஷியலோடு தெரியும். நான் அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சார் கையை நீட்டித் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தேங்காய் உடையாத தட்டோடு கூட்டத்தை விலக்கி வெளியே போனார்.

அம்மா என் முழங்கையில் கிள்ளினாள்.

“யார்றா அது? எவ்ளோ பாசமா ஒம் பேரச் சொன்னாரு. இப்டியா மொகத்துல அடிச்ச மாதிரி பேசுவ? அவரு பேரு என்னா?”

“அவரே சொல்லலியேம்மா” என்றேன்.